கடைக்குப் பெயர் வைக்கப் போறீங்களா? போர்டு எழுதும் முன் இதைப் பாருங்க!

வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்து விற்கத் தொடங்குபவர்கள், பெயருக்காகத்தான் அதிகம் அலைகிறார்கள். குலதெய்வம், குழந்தையின் பெயர், நியூமராலஜி என எல்லாம் பார்த்து ஒன்றை முடிவு செய்கிறார்கள். லேபிள் அச்சாகி, வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் நேரத்தில், 'இது எங்கள் பெயர்' என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால்? லேபிளோடு, அந்தப் பெயரில் சேர்த்த நம்பிக்கையும் போய்விடும்.

எது நல்ல பெயர்?

சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் தொழில் தொடங்கினார். அவரது 'சிக்' ஷாம்புவின் பெயர், அப்பா சின்னி கிருஷ்ணனின் பெயரிலிருந்து வந்தது. நிறுவனம் பின்னர் 'கவின்கேர்' ஆனது. அதில் அழகைக் குறிக்கும் 'கவின்' இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அப்பாவின் சி, கே எழுத்துகளும் இருக்கின்றன. சொல்ல எளிது. இன்னொருவர் தற்செயலாக யோசித்துவிட முடியாத பெயரும்கூட.

ஆனால், 'சுவையான சாம்பார் பொடி' போல பொருளை வெறுமனே வர்ணிக்கும் பெயர்களை 1999-ம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது கடினம். பக்கத்துக் கடைக்காரரும் அதே வார்த்தைகளைப் பயன்படுத்த வேண்டியிருக்கும் அல்லவா?

செய்ய வேண்டியவை

* பெயரை போனில் ஒருவரிடம் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால், கூகுளில் தேடுபவரும் தப்பாகத்தான் தேடுவார்.

* மத்திய அரசின் 'ஐபி இந்தியா' இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்பெல்லிங் வேறாக இருந்தாலும், உச்சரிப்பு ஒன்றுபோல் இருந்தால் சிக்கல்தான்.

* பொருள்களும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலா 30-வது வகை, ஊறுகாய் 29-வது வகை. இரண்டையும் விற்பவர் இரண்டுக்கும் கட்டணம் கட்ட வேண்டும். தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

* முதல் பில், முதல் லேபிள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பெயரை முதலில் பயன்படுத்தியது யார் என்ற கேள்வி வந்தால், இவைதான் கைகொடுக்கும்.

* விண்ணப்பித்த பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவு முடிந்த பிறகுதான். முன்பே போட்டால் சட்டப்படி குற்றம்.

ஜி.எஸ்.டி இருந்தால் போதாதா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். ஜி.எஸ்.டி., உத்யம், உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவை தொழில் நடத்துவதற்கானவை. அவற்றில் உங்கள் பெயர் இருப்பதாலேயே அது உங்கள் உடைமை ஆகிவிடாது. எனவே, பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், டிரேட் மார்க் தேடலை முடித்துவிடுங்கள். இரண்டு, மூன்று பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், ஒன்று கிடைக்காவிட்டாலும் திறப்பு விழா தள்ளிப்போகாது!