ஓலைப்பெட்டியில் ஒன்பது மாத்திரை

பொங்கலுக்குத் திசையன்விளை போயிருந்தேன். பெரியம்மா வீட்டில், ஒரு துண்டு கருப்பட்டி எடுக்கலாமென்று ஓலைப்பெட்டியைத் திறந்தால், உள்ளே அத்தனையும் மாத்திரை! எண்ணிப் பார்த்தேன். ஒன்பது தினுசு!

பெரியம்மாவுக்கு வயது 78. அந்த ஒரு மாதத்தில் மட்டும் இரண்டு தடவை கீழே விழுந்திருந்தாள். இரண்டும் விடியற்காலையில், கட்டிலை விட்டு எழுந்து புறவாசலுக்குப் போகும்போது. எலும்பு முறியாதது அதிர்ஷ்டந்தான். வீட்டில் எல்லோரும் புதிதாகப் போட்ட வழவழப்பான தரையைத் திட்டினார்கள். ஓலைப்பெட்டியை யாரும் சந்தேகிக்கவில்லை.

"இத்தனையும் எதற்குப் பெரியம்மா?"

"பிரஷருக்குத் திருநெல்வேலி டாக்டரு குடுத்தாவ. நாகர்கோவில்ல காட்டினப்போ அவியளும் குடுத்தாவ. தூக்கம் வரலைன்னு சொன்னேன், அதுக்கு ஒண்ணு. டாக்டரு குடுத்ததுல்லா, நிறுத்தலாமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் விஷயம் இது: நாம் எழுந்து நின்றதும் ரத்தம் காலை நோக்கி இறங்குகிறது. இளம் வயதில் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கிச் சமாளித்துவிடும். முதுமையில் அந்தச் சுறுசுறுப்பு குறைவு. அதோடு ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய மாத்திரை எல்லாம் அளவுக்கு மேல் சேர்ந்தால் தலை கிறுகிறுக்கும். தூக்க மாத்திரையின் மயக்கமோ விடிந்த பிறகும் தெளியாது. வயதானவர் உடம்பிலிருந்து மருந்து வெளியேற நேரமாகும். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில்கூடத் தள்ளாட வைப்பவை உண்டு.

நியூஜிலாந்தில் ஜான் காம்ப்பெல் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் 65 வயதைக் கடந்த 93 பேரை வைத்துப் பரிசோதித்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். தூக்க மாத்திரை முதலானவற்றை 14 வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தபோது, விழும் அபாயம் 66 சதவீதம் குறைந்தது! ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பரிசோதனை முடிந்து ஒரு மாதத்துக்குள், மருந்தை முழுதும் விட்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மறுபடியும் அதைத் தொடங்கிவிட்டார்கள். பழக்கம் லேசில் விடுமா?

இதைப் படித்துவிட்டு, இன்றைக்கே மாமியாரின் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! திடீரென்று நிறுத்தினால் சில மருந்துகள் ரத்த அழுத்தத்தை எகிறச் செய்யும்; தூக்க மாத்திரை வலிப்பில்கூடக் கொண்டுவிடும். குறைக்க வேண்டியவர் டாக்டர். நினைவூட்ட வேண்டியவர் நீங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நல்ல காரியம். அதே மாத்திரையைக் கடையிலும் வாங்கி இரட்டிப்பாக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இருக்கும் மருந்து அனைத்தையும், நாட்டு மருந்து உள்பட, ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். 'படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் பிரஷர் பாருங்கள்' என்று கேளுங்கள். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால், அது எச்சரிக்கை.

நாங்கள் ஓலைப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போனோம். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது! அதில் ஒன்று அன்றே நின்றது. தூக்க மாத்திரையை டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்தார். ஒன்பது ஆறாயிற்று. அதற்கப்புறம் பெரியம்மா விழவில்லை.

ஓலைப்பெட்டியில் இப்போது கருப்பட்டிக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது.