பிரேக்குக்கு விலக்கு உண்டா?

சென்னைப் பறக்கும் ரயிலின் பிழைப்பே நின்று நின்று போவதுதான். முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் கிளம்பி வேகம் பிடிப்பதற்குள் திருமயிலை வந்துவிடும். அதை விட்டால் மந்தைவெளி. இப்படி நின்று நின்று போகிற ரயிலில் பிரேக் கட்டைகள் சீக்கிரம் தேயும், வால்வுகளில் அழுக்குச் சேரும். ரயிலைப் பணிமனையில் நிறுத்திக் கழற்றிச் சோதிக்கிற நாளில் அது ஓடாது. ஓடாத ரயில் டிக்கெட் காசும் தராது. எந்த நாட்டுப் புறநகர் ரயிலுக்கும் இதே பாடுதான். அதனால், பிரேக் விதிகளைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள் என்று ரயில் நிர்வாகங்கள் அவ்வப்போது மனுப் போடுகின்றன. எதைப் பார்த்து அந்த மனுவுக்குச் சரி என்பது, எதைப் பார்த்துக் கூடாது என்பது?

முதலில் கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் ரயிலின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 0.8 மீட்டர் குறைவதாக வைத்துக்கொள்வோம். நிற்பதற்குச் சுமார் 310 மீட்டர் வேண்டும். 40 கி.மீ. வேகம் என்றால் 77 மீட்டரே போதும். வேகம் பாதியானால் தூரம் கால்வாசியாகிறது. இதுவும் காய்ந்த தண்டவாளத்துக்குத்தான். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறலில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் நீரில் குழைந்து தண்டவாளம் வழுக்கும். பெருமழை கழுவிவிட்ட தண்டவாளமே அதைவிட மேல். எஃகின் மேல் எஃகு உருள்வதால்தான் ரயில் குறைந்த சக்தியில் ஓடுகிறது. நிறுத்தும்போது அதே வழுவழுப்பு எதிரியாகிவிடுகிறது. ஒரு அளவுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குமே தவிர, ரயில் முன்னதாக நிற்காது. பல வண்ண விளக்கு சிக்னல் உள்ள தடங்களில் சிவப்பு விளக்குக்கு அப்பாலும் 120 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று இந்திய ரயில்வே விதி கேட்பது இதையெல்லாம் எண்ணித்தான்.

இப்போதைய பிரேக்கின் மூலம் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் கொண்டுவந்த தானியங்கிக் காற்று பிரேக். ரயில் நெடுக ஓடும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள தொட்டிக் காற்று பாய்ந்து பிரேக்கைப் பிடிக்கும். குழாய் வெடித்தாலும், பெட்டி கழன்றாலும் ரயில் தானே நிற்கும். ஒரே குறை: தெருக்குழாயைத் திறந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் தாமதமாக வருவதுபோல, கடைசிப் பெட்டியில் பிரேக் சற்றுத் தாமதமாகப் பிடிக்கும். மின்சார ரயில்களில் கம்பி வழியே எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் ஆணை போகிறது. காற்றுக்குழாய் பின்துணையாக இருக்கிறது.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா அருகே, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளோடு போன சுற்றுலா ரயில் மேட்டில் திணறியது. பின்பெட்டிகளைக் கழற்றி நிறுத்த முயன்றார்கள். அந்த ரயிலின் பிரேக் தானியங்கி வகை இல்லை. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு அடுத்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். தொடர் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆண்டு வந்தது.

அமெரிக்காவில் 1893-இல் சட்டம் போட்டு 1898 வரை அவகாசம் தந்தார்கள். ரயில் கம்பெனிகள் மேலும் கேட்டன. 1900 வரை நீட்டினார்கள். வழக்கம் மாறவில்லை. 2008-இல் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் மெட்ரோலிங்க் புறநகர் ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிச் சரக்கு ரயிலில் மோதி 25 பேர் இறந்த பின், தானே பிரேக் போடும் கருவி 2015-க்குள் வேண்டும் என்று சட்டம் வந்தது. கெடு 2018-க்கு நகர்ந்து, கடைசியில் 2020-இல்தான் வேலை முடிந்தது.

இந்த மனுக்களில் இரண்டு ரகம் உண்டு. காசில்லை, நேரம் கொடுங்கள் என்பது ஒன்று. அதில் ஆபத்தைச் சுமப்பவர் பயணி, ஆதாயம் நிர்வாகத்துக்கு. எங்கள் கருவி புதியது, விதிதான் பழையது என்பது இன்னொன்று. அதில் நியாயம் இருக்கலாம்: கணினி பிரேக்கைக் கணந்தோறும் கண்காணிக்கும்போது, பழைய வால்வுக்கு எழுதிய கால அட்டவணையை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அங்கே கேட்க வேண்டியது, பழைய காவலுக்குப் பதில் எது வந்தது என்பதுதான். அமெரிக்காவில் இத்தகைய மனுவை அரசிதழில் போட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்கிறார்கள்.

நம் ஊரில் வழி வேறு. புது வகை ரயில் வந்தால் லக்னோவில் உள்ள ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. ஓட்டிப் பார்த்து, அவசர பிரேக் போட்டால் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளக்கும். ரயில்வே பாதுகாப்பு ஆணையரும் ஒப்ப வேண்டும். இந்த ஆணையம் ரயில்வேயின் பிடியில் இல்லாமல் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1941-இல் பிரித்தது நல்ல முடிவு. ஆனால் வரையறுத்த அளவுகளை மீறும்போது பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் ரயில்வே வாரியத்திடமே கிடக்கிறது. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே வீட்டுக்காரர்கள். பயணியிடம் யாரும் கேட்பதில்லை.

எல்லாக் காவலையும் மீறும் மனிதர்களும் உண்டு. ஓட்டுநர் மயங்கிக் கைப்பிடியை விட்டால் மின்சார ரயில் தானே நிற்கும். ஆனால் 2009 ஏப்ரல் 29 அதிகாலையில் சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் நின்ற ரயிலை யாரோ ஒருவர் கிளப்பிக்கொண்டு போய் வியாசர்பாடி ஜீவாவில் சரக்கு ரயிலில் மோதினார். 4 பேர் இறந்தார்கள். பிடியை விடாத கைக்கு அந்த ஏற்பாட்டில் பதில் இல்லை.

திருமயிலையில் இப்போது தரைக்கடியில் மெட்ரோ நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் கட்டத்தின் 3, 4-ஆம் வழித்தடங்கள் அங்கே சந்திக்கும். ஓடப்போவது ஓட்டுநர் இல்லாத ரயில்கள். கையே இல்லாத ரயிலில் கைப்பிடி விதி எதற்கு? அதை நீக்கத்தான் வேண்டும். அதன் இடத்தில் எதை வைத்தார்கள், எத்தனை மீட்டரில் நின்றது என்ற சோதனைத் தாளை நிலையச் சுவரில் ஒட்டலாம். மாட வீதிக்காரர்கள் எதைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்?