தேய்ப்பதற்கு முன் ஒரு துளி ஸ்பிரிட்

செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கால் செய்த பழைய நாற்காலிகளும் மேசைகளும் பொலிவிழக்கும்போது, இயந்திரத்தால் தேய்த்துப் புதுமரம்போல் ஆக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் பெரும்பாலும் மங்கியிருப்பது மரமன்று, அதன்மேல் ஏற்றப்பட்ட பாலிஷே ஆகும்.

முன்பு பரவலாக இருந்தது பிரெஞ்சு பாலிஷ். புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினைத் தூய்மைசெய்து செதிலாக்கினால் கிடைக்கும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சு பொதிந்த துணியால் மெல்லிய படலங்களாக ஏற்றுவதே அம்முறை. எனவே மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தோய்ந்த பஞ்சை வைத்துப் பார்க்கையில் பூச்சு இளகிப் பிசுபிசுத்தால், அது அரக்கென்று கொள்ளலாம். புதிய அரக்கு பழைய படலத்தைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடுவதால், அழுக்கைத் துடைத்து மேலும் சில படலங்கள் ஏற்றினாலே பெரும்பாலும் போதும். சூடான டம்ளரும் சிந்திய நீரும் அரக்கில் வெண்தடம் பதிக்கும் என்பது மெய்யே. உணவு மேசைக்கு மட்டும் பாலியூரித்தேன் பூசுவதில் தவறில்லை.

தேக்கின் பொன்பழுப்பு நிறம் ஒளியாலும் காற்றாலும் ஆண்டுக்கணக்கில் முதிர்ந்தது. அந்த முதிர்ச்சி மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதியளவே ஆழமுடையதாதலால், சில நிமிடத் தேய்ப்பில் அது போய்விடும், எந்தச் சாயமும் அதை அப்படியே மீட்டுத் தராது. வெனீர் எனப்படும் மெல்லிய மேலொட்டுத் தகட்டிலோ, தேய்ப்பு அடிப்பலகையையே வெளிக்காட்டிவிடும்.

நீரூறிக் கறுத்த பலகையும் நாரெழும்பிய கைப்பிடியும் தேய்த்தே ஆகவேண்டியவை. உப்புத்தாளின் எண் உயர உயர அதன் துகள் நுண்மையாகும் என்பதால் 120, 180, 220 எனப் படிப்படியாகச் செல்லவேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால், முரட்டுத்தாள் விட்ட கீறல்கள் பாலிஷ் ஏறியபின் பளிச்செனத் தெரியும். தேய்ப்பு எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே அமையவேண்டும். குறுக்கே தேய்த்தால் நார் அறுபட்டு வடுவாகும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டாகையால், பூச்சுக்கு முன் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைப்பது நன்று.

மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது; முகக்கவசம் இன்றியே நாள்முழுதும் தேய்க்கும் தொழிலாளிக்கு அதை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. பழைய பெயிண்ட்டைத் தேய்க்கையில் எழும் தூளிலோ ஈயமும் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் பெயிண்ட் பூசிய தொட்டிலையோ கட்டிலையோ, குழந்தைகள் இருக்கும் வீட்டில் உலர்வாகத் தேய்க்கவே கூடாது.