நாய்க்குட்டியின் முதல் மயிர்திருத்தம்

பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையே உள்ள மாங்காடு, காமாட்சியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற பழம்பதி. 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. அடுக்குமாடி இல்லங்கள் பெருகிய அவ்வூரிலே சடைமயிர் நாய்க்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவார் இன்று அரியரல்லர். அக்குட்டியை மயிர் திருத்தும் நிலையத்துக்கு முதன்முதல் எடுத்துச் செல்லும் நாளோ பல வீட்டார்க்கு அமளியிலே முடிகின்றது. குற்றம் குட்டியினுடையதுமன்று, கத்தரி பிடிப்பவருடையதுமன்று. முந்திய வாரங்களில் ஆகவேண்டியது ஆகாமையே காரணம் என்பது எம் கருத்து.

நம் முன்னோர்க்கு இக்கவலை இருந்ததில்லை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நாட்டு நாய்களின் மயிர் குறுகியது, உடலோடு ஒட்டியது. ஈரத்துணியால் துடைத்து உண்ணி பார்த்துவிட்டாற் போதும். ஷீ ட்ஸூ போன்ற அயல்நாட்டு இனத்தின் மயிரோ வளர்ந்துகொண்டே போகும். சீவாது விட்டால் காதின் பின்னும் தொடையிடுக்கிலும் சிக்குண்டு சடையாகித் தோலை இழுக்கும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாம். ஆதலின் இத்தகைய நாய்க்கு மயிர்திருத்தம் வெறும் அலங்காரமன்று.

இனி, வாரக்கணக்கை நோக்குவோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பர். மனிதர்க்கு ஆண்டாகிய அவ்வைந்து நாய்க்கு வாரக்கணக்கே. ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965-இல் வெளியிட்ட நூலில், பிறந்த 3-ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12-ஆம் வாரம் வரையுமே நாய்க்குட்டி புதியனவற்றோடு எளிதிற் பழகும் பருவம் என்று விளக்கினர். பார்வோ முதலிய கொடுநோய்களுக்குரிய தடுப்பூசிகளோ 6 முதல் 8-ஆம் வாரத்திற்குள் தொடங்கி, 16-ஆம் வாரமளவிலேதான் முற்றுப்பெறும். பார்வோ வைரஸ் தரையிலே பல மாதங்கள் அழியாது கிடக்குமாதலின், பல நாய்கள் வந்துபோகும் நிலையத்துக்கு ஊசி முடியாத குட்டியைக் கொண்டுசெல்லல் தகாது. எனவே, நிலையத்துக்குப் போகத் தகும் நாள் வருமுன்னரே பழகும் பருவம் கழிந்துவிடுகின்றது. இவ்விடைவெளியை நிரப்பவல்லது வீடு ஒன்றே.

செய்யவேண்டுவது யாதெனின், குட்டி விளையாடிக் களைத்திருக்கும் வேளையில் அதன் பாதத்தை ஒரு நொடி தொட்டு, உடனே வேகவைத்த கோழியிறைச்சி ஒரு துணுக்குக் கொடுத்தல். தொடுதல் முன்னும் தின்பண்டம் பின்னுமாக வருதல் வேண்டும். ரஷ்யப் பேரறிஞர் பாவ்லோவ் நாய்களைக் கொண்டு கண்டறிந்த நெறி இதுவே: முன்வரும் குறியைக் கண்டதும் பின்வரும் உணவை எதிர்நோக்க நாய் கற்றுக்கொள்கிறது. இறைச்சியைக் காட்டி ஏமாற்றிக் காலைப் பிடிப்போமாயின், குட்டி இறைச்சியையே ஐயுறத் தொடங்கும். காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுக. மறுமுறை இன்னும் மெல்லத் தொடுக. பின்னர் விரலிடுக்கு, காதுமடல், உதடு, வால் என்று சில நாட்களுக்கொருமுறை ஒன்றாய்ச் சேர்த்துக்கொள்க. சீப்பை முதலில் முதுகுப்புறத்தாலே தடவுக. உலர்த்தும் கருவியின் இரைச்சலை, குட்டி உண்ணும்போது அடுத்த அறையில் ஒலிக்கச் செய்து, நாளடைவில் அருகே கொணர்க. வழுக்கும் மேசை பெரிதும் வெருட்டுமாதலால், சாக்கு விரித்த தாழ்ந்த பலகையின்மீது நிற்கப் பழக்குக.

இஃதெல்லாம் ஒரு நாய்க்காக இத்துணைப் பாடோ என வினவுவார் உளர். உண்ணி பெரும்பாலும் ஒளிவது விரலிடுக்கிலும் காதுமடிப்பிலுமே. உண்ணிக்காய்ச்சல் உயிரையே கொள்வதுண்டு. காலைத் தொடவிடாத நாய்க்கு ஒரு முள்ளெடுக்கவும் வாய்க்கட்டோ மயக்கமருந்தோ வேண்டியிருக்கும். அச்சத்தால் அது கடித்துவிட்டால் வருந்துவது வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

முதல் நாளில் குளிப்பாட்டிச் சீவி நகநுனி கத்தரிப்பதோடு நிறுத்துமாறு நிலையத்தாரிடம் முன்னரே சொல்லிவைத்தல் நன்று. கருநிற நகத்தில் உள்ளோடும் குருதிக்குழாய் புலப்படாது. எனவே நுனிக்கு மேல் போகலாகாது. வெயிலுக்கு அஞ்சி பொமரேனியன் குட்டியை மழித்துவிடச் சொல்வார்க்கு யாம் உடன்படோம். மழித்த இடத்தில் மயிர் நெடுநாள் வளராதொழிதலும் உண்டு. வாலை இடுக்கல், உதட்டை நக்கல், விழிவெண்மை தெரியப் பக்கம் பார்த்தல் ஆகியன அச்சக் குறிகள். அவற்றைக் கண்டால், பாதி வெட்டிய நிலையிலேனும் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரத் தயங்கற்க. மற்றைப் பாதியை அடுத்த வாரம் வெட்டிக்கொள்ளலாம். வீடு சேர்ந்ததும் காதுகளின் உட்புறத்தை மெல்லிய துணியால் ஈரம்போகத் துடைக்க. தொங்குகாது உடைய குட்டியாயின், நம் கடற்கரை நாட்டுப் புழுக்கத்தில் அவ்வீரமே காதுச்சீழுக்கு வித்தாகும்.