மீட்டுப் பார்த்தீர்களா?

2017 ஜனவரி 31, இரவு. உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், முதன்மை டேட்டாபேஸ் சர்வரிலிருந்து துணை சர்வருக்குத் தரவு போய்ச் சேருவது நின்றுபோயிருந்தது. துணை சர்வரில் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஒரு பொறியாளர் கட்டளையைத் தட்டினார். ஓரிரு நொடிகளில் புரிந்தது, அழிந்துகொண்டிருப்பது முதன்மை சர்வர். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது.

பேக்கப்பைத் தேடினார்கள். டேட்டாபேஸை நாள்தோறும் நகலெடுத்து அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் ஓடியது 9.6 பதிப்பில், நகலெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாமல் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் முறையான கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டு, எவர் கண்ணிலும் படவில்லை. சர்வர்கள் ஓடிய அஷ்யூர் தளத்தில், வட்டின் அந்தக் கண நிலையை அப்படியே பதியும் ஸ்னாப்ஷாட் வசதியை டேட்டாபேஸ் சர்வர்களுக்கு யாரும் இயக்கியிருக்கவில்லை. சோதனை வேலைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. நிரல்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டி, முழு அறிக்கையையும் வெளியிட்டது கிட்லேப். எங்கே, ஏன் தோற்றது என்பதை எல்லோரும் படிக்க முடிந்தது அந்த நேர்மையால்தான்.

ஓடும் கணினியை நகலெடுப்பது

இன்று வங்கியிலோ மருத்துவமனையிலோ சர்வர் என்று குறிப்பிடப்படுவது பெரும்பாலும் மெய்நிகர் கணினியைத்தான். ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகளை ஓட்டுகிறது. ஒவ்வொரு கணினியின் வட்டும் ஹைப்பர்வைசருக்கு ஒரு பெரிய கோப்பு. அந்தக் கோப்பை நகலெடுத்து வைத்தால் கணினியையே எடுத்து வைத்த மாதிரி.

ஆனால் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. 500 ஜிபி கோப்பைப் படித்து முடிப்பதற்குள் உள்ளே ஆயிரம் மாற்றங்கள் நடந்துவிடும். நகலின் தொடக்கம் இரவு பத்து மணி நிலவரமாகவும் கடைசிப் பகுதி பன்னிரண்டு மணி நிலவரமாகவும் இருந்தால் அது எதற்கும் உதவாது.

இதற்குத்தான் ஸ்னாப்ஷாட். அதை எடுக்கும் கணத்தில் மூலக் கோப்பில் எழுதுவது நிறுத்தப்படும். அதன்பின் வரும் மாற்றங்கள் எல்லாம் தனியாக ஒரு வித்தியாசக் கோப்பில் சேரும். அசையாமல் நிற்கும் மூலக் கோப்பைப் பேக்கப் மென்பொருள் நிதானமாகப் படித்து முடிக்கும். பிறகு மூலக் கோப்பும் வித்தியாசக் கோப்பும் ஒன்றாக இணைக்கப்படும்.

ஸ்னாப்ஷாட் எடுக்கும் கணம் நுட்பமானது. டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகுதான் பேரேட்டில் ஏற்றுகிறது, நம் கடைக் கணக்குப்பிள்ளைகள் செய்வதுபோல. பேரேட்டில் பாதி ஏற்றியிருக்கும்போது எடுத்த நகல், திடீரென்று மின்சாரம் போன கணினிக்குச் சமம். குறிப்பேடு முழுசாக இருந்தால் நல்ல டேட்டாபேஸ் அதை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எல்லா மென்பொருளுக்கும் அந்தத் திறன் கிடையாது. அதனால், 'நிலுவையில் உள்ளதை எழுதி முடித்துவிட்டுச் சற்று நில்' என்று உள்ளே ஓடும் நிரல்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸில் இந்தப் பொறுப்பு விஎஸ்எஸ் என்ற சேவைக்கு. எழுதுவதை அது நிறுத்திவைக்கக்கூடிய நேரம் 10 நொடிதான். அதற்குள் ஸ்னாப்ஷாட் முடியாவிட்டால் அந்த முயற்சி கைவிடப்படும்.

எங்கே பார்ப்பது?

காலையில் வந்து பார்த்தால் பேக்கப் மென்பொருளின் திரையில் தோல்வியைக் காட்டும் சிவப்பு அடையாளம். முதலில், நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து, மேலிருந்து கீழே படித்து, முதல் பிழையைப் பிடிக்க வேண்டும். கடைசி வரியில் இருப்பது பெரும்பாலும் அந்த முதல் பிழையின் விளைவு.

ஸ்னாப்ஷாட் எடுக்கும்போதே தோற்றிருந்தால் கணினிக்கு உள்ளே போய்த் தேட வேண்டும். விண்டோஸில் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' என்ற கட்டளை, எந்தெந்த நிரல்கள் நிற்கச் சம்மதித்தன, எது நேரம் தவறியது என்று பட்டியலிடும். பட்டியலில் சிக்கிய நிரலின் சேவையை நிறுத்தித் தொடங்கினாலே பலமுறை சரியாகிவிடும். வட்டு மந்தமாக இருப்பதாலோ, அதே நேரத்தில் வைரஸ் சோதனை ஓடுவதாலோ 10 நொடி போதாமல் போனால், பேக்கப் நேரத்தை மாற்றி வைக்க வேண்டும்.

ஸ்னாப்ஷாட் எடுபட்டு, இணைப்பதில் தோற்றிருந்தால் ஆபத்து பெரிது. விஎம்வேர் நிறுவனத்தின் ஹைப்பர்வைசரில் வட்டுக் கோப்பின் பெயரோடு '000001' என்று சேர்ந்திருக்கும் கோப்பைப் பார்க்கலாம். இணையாமல் விடுபட்ட வித்தியாசக் கோப்பு அதுதான். கணினி ஓட ஓட அது வீங்கிக்கொண்டே போகும். ஒருநாள் சேமிப்பகம் நிரம்பும்போது அதில் இருக்கும் மற்ற மெய்நிகர் கணினிகளும் சேர்ந்தே நிற்கலாம். அந்தக் கோப்பைக் கையால் அழிக்கவே கூடாது. ஸ்னாப்ஷாட் எடுத்த நாள் முதல் நடந்த மாற்றங்கள் அனைத்தும் அதற்குள்தான் இருக்கின்றன. பேக்கப் மென்பொருள் அந்த வட்டை இன்னும் பிடித்துவைத்திருக்கிறதா என்று பார்த்து, விடுவித்து, பிறகு முறைப்படி இணைக்க வேண்டும்.

மாற்றிய கடவுச்சொல்லைப் பேக்கப் மென்பொருளில் மாற்ற மறப்பது, சேருமிடம் நிரம்புவது, நெட்வொர்க் அறுபடுவது ஆகியவை அன்றாடக் காரணங்கள். இவற்றை லாக் கோப்பே சொல்லிவிடும்.

சத்தமில்லாத தோல்வி

சிவப்பு அடையாளமாவது நம்மை எச்சரிக்கிறது. பச்சையாகவே இருந்துகொண்டு உள்ளே கெட்டுப்போகும் நகலுக்கு என்ன செய்வது?

நாள்தோறும் முழு வட்டையும் படிக்காமல், மாறிய பகுதிகளை மட்டும் கணக்கு வைத்து எடுக்கும் வசதி விஎம்வேரில் உண்டு. அதில் ஒரு பிழை 2014-ல் வெளிச்சத்துக்கு வந்தது. வட்டின் அளவை 128 ஜிபி எல்லையைத் தாண்டி நீட்டினால், மாறிய பகுதிகளின் பட்டியலே தவறாக வந்தது. கிடைத்த பட்டியலை நம்பிப் பேக்கப் மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்து, 'வெற்றி' என்று எழுதியது. நகலில் மட்டும் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. அந்த வசதியை அணைத்து மறுபடி இயக்கி, முழு நகல் ஒன்றைப் புதிதாக எடுப்பதே பரிகாரமாக இருந்தது.

'வெற்றி' என்ற சொல்லுக்கு, கொடுத்த வேலை முடிந்தது என்பதுதான் பொருள். நகல் உயிரோடு இருக்கிறதா என்பதை மீட்டுப் பார்த்தே அறிய முடியும். அதற்கு மெய்நிகர் கணினியில் அருமையான வசதி இருக்கிறது. வெளி நெட்வொர்க்கோடு தொடர்பில்லாத ஒரு தனியிடத்தில் நகலை இயக்கிப் பார்க்கலாம்; உண்மையான சர்வருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கணினி எழுந்ததோடு விட்டுவிடக் கூடாது. டேட்டாபேஸ் திறக்கிறதா, நேற்று மாலை பதிவான கடைசி ரசீது இருக்கிறதா, மீட்க எத்தனை மணி நேரம் ஆனது என்று மூன்றையும் குறித்துவைக்க வேண்டும்.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து சாம்பலானது. மூலமும் நகலும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், ஒன்றாவது வேறு ஊரில் என்ற பழைய விதி இன்றும் மாறவில்லை.

மருத்துவமனையில் நோயாளியின் பரிசோதனை முடிவு, பள்ளியில் மதிப்பெண் பட்டியல், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கணக்கு என்று நம் வாழ்க்கையின் பதிவுகள் இந்தக் கோப்புகளுக்குள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் ஊழியருக்கு, மாதம் ஒருநாள் மீட்டுப் பார்ப்பதற்கான நேரத்தையும் இடத்தையும் நிர்வாகம் ஒதுக்கித் தர வேண்டும். 'பேக்கப் எடுக்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றே சொல்வார்கள். 'கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?' என்று பொறுப்பில் இருப்பவர்கள் கேட்க வேண்டும். தேதியோடு பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும்.