கொல்லையும் சங்க விதியும்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம் தாண்டினால் கொல்லை. மாட்டுக் கொட்டாயும் விறகும் அங்கேதான். (அதைப் புனிதப்படுத்தவும் வேண்டாம், மலம் அள்ளியவர்களைப் பின்வாசலோடு நிறுத்திய இடமும் அதுதான்.) திருச்சியின் புதிய நகர் ஒன்றில் நலச்சங்கம் ‘கொல்லையில் கொட்டகை கூடாது’ என்றால், அழகு என்கிற அந்தச் சொல்லாடலில் இஸ்திரிப் பெட்டிக்கும் தையல் மிஷினுக்கும் இடமில்லை என்று பொருள்.

கெஞ்சி விதிவிலக்கு வாங்கினால் விதி அப்படியேதான் இருக்கும். முதலில் பிரதியைக் கேளுங்கள்: பதிவான துணைவிதியா, வெறும் சுற்றறிக்கையா? துணைவிதி என்றால், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 21 நாள் முன்னறிவிப்பு, பொதுக்கூட்டத்தில் வாக்களிப்போரில் நாலில் மூன்று பங்கு ஆதரவு, பிறகு பதிவாளரிடம் பதிவு. அந்த 21 நாளும் வீடுவீடாகப் போய்ப் பேசியாகணும். மாநகராட்சியின் கட்டட விதி தனி. வாடகைக்கு இருப்பவருக்குப் பெரும்பாலும் ஓட்டே கிடையாது. கொட்டாய் கேட்பவரோ பல சமயம் அவர்தான்.