முதுமை மறதியும் மூளையின் குருதியோட்டமும்

தாம்பரத்திற்குத் தென்கிழக்கே திருப்போரூர் வட்டாரத்தில், 60 வயதைக் கடந்தோரில் 3.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி இருந்ததை 1997இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அது நேர்காணலால் அறிந்தது. மூளையின் குருதியோட்டத்தை அளக்கவோ கருவிகள் வேண்டும். அவற்றுள் மூன்று முறைகள் குறிப்பிடத்தக்கவை.

பெட் முறையில் கதிரியக்க ஆக்சிஜன் அடங்கிய நீர் ஊசிவழிச் செலுத்தப்படுகிறது. அளவு துல்லியமானது, எனினும் 2 நிமிடத்தில் அதன் கதிர்வீச்சு பாதியாகிவிடுவதால் சைக்ளோட்ரான் அருகிலேயே இருத்தல் வேண்டும். ஸ்பெக்ட் முறைக்குரிய டெக்னீசியம் பாதியாக 6 மணி நேரம் ஆகும். எளிது, ஆயின் படம் தெளிவு குன்றியது. 1992இல் விவரிக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. முறையோ ஊசியின்றி, கதிரியக்கமின்றி, கழுத்துக் குருதியிலுள்ள நீரையே காந்தத்தால் அடையாளமிடுகிறது. ஆனால் முதியோரிடம் குருதி தாமதித்துச் சேர்ந்தால் அவ்வடையாளம் வழியிலேயே மங்கிவிடும். ஓட்டமுள்ள பகுதியும் குறைவுற்றதாய்த் தோன்றும்.

எனவே படம் ஒரு சாட்சியே, தீர்ப்பன்று. பெற்றோரின் நிலையை மருத்துவர் நேரில் வினவி ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் நலம்.